மாத்திரையில் 1500 மில்லிகிராம், இரத்தத்தில் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 61. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். ஆறு மாதமாக 'குளுக்கோசமைன் சல்ஃபேட் பொட்டாசியம் குளோரைடு 750 மி.கி., காண்ட்ராய்டின் சல்ஃபேட் 400 மி.கி.' என்று போட்ட மாத்திரையைத் தினம் இரண்டு சாப்பிடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், சுகருக்கு மெட்ஃபார்மின் உண்டு. பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகன் 'நானோ லிப்போசோமல் குளுக்கோசமைன்' என்று ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறான். பழைய மாத்திரை உடம்பில் சேராது, இது பத்து மடங்கு சேரும் என்கிறார்கள். உண்மையா? வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டுமா, சாப்பாட்டுக்குப் பிறகா? மஞ்சள், மிளகு, கொலாஜன் பவுடர் எல்லாம் கூடவே எடுத்தால் நல்லதா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: அம்மா, உங்கள் மாத்திரை உடம்பில் சேராது என்பது பாதிதான் சரி. நானோ பாட்டில் பத்து மடங்கு சேரும் என்பதை நம்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன், உங்கள் அட்டையில் இருக்கும் 750 என்ற எண் எதை எண்ணுகிறது என்று பார்த்துவிடுவோம். கடையில் பேசும் பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

குளுக்கோசமைன், குருத்தெலும்பைக் கட்ட உடம்பு பயன்படுத்தும் சர்க்கரை வகைப் பொருள். அது தனியாக நிலைத்து நிற்காது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பழுப்பாகிவிடும். அதனால் ஏதாவது ஓர் உப்போடு சேர்த்தே விற்கிறார்கள். அந்த உப்பின் எடையும் மில்லிகிராம் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹைட்ரோகுளோரைடு வடிவத்தில் நூற்றுக்கு 83 பங்கு அசல் குளுக்கோசமைன். நீங்கள் சாப்பிடும் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்த சல்ஃபேட்டில் 59 பங்குதான். ஆகவே உங்கள் இரண்டு மாத்திரையின் 1500 மில்லிகிராமில் அசல் சரக்கு சுமார் 890. அதே 1500 ஹைட்ரோகுளோரைடாக இருந்தால் சுமார் 1245. ஐரோப்பாவில் மருந்துச் சீட்டுக்குக் கொடுக்கும் படிக சல்ஃபேட்டில் ஒரு வேளைக்கு 1884 மில்லிகிராம் தூள் இருக்கும். அதில் 384 மில்லிகிராம் சாதாரண சோடியம் உப்பு, மீதி 1500 சல்ஃபேட். அதிலுள்ள அசல் குளுக்கோசமைன் சுமார் 1180. பலன் தெரிந்தது என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த வடிவத்தை வைத்தே நடந்தவை. அதோடு ஒப்பிட்டால் நீங்கள் கால் பங்கு குறைவாகவே எடுத்து வருகிறீர்கள். அட்டையில் 'குளுக்கோசமைன் சல்ஃபேட் 750 மி.கி.க்குச் சமம்' என்று சிறிய எழுத்தில் வேறொரு வரி இருந்தால் கணக்கு மாறும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பாருங்கள்.

உப்பு எதுவாக இருந்தாலும் வயிற்றுக்குள் போய்க் கரைந்ததும் குளுக்கோசமைன் தனியே பிரிந்துவிடுகிறது. குடல் பார்ப்பது அந்தத் தனி மூலக்கூறைத்தான். அதன் எடை 179 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு), ஏறக்குறைய குளுக்கோஸ் அளவு. அளவை மட்டும் பார்த்தால் எளிதாக உள்ளே போய்விட வேண்டும். ஆனால் குடல் செல்லின் மேலுறை எண்ணெய்த் தன்மை கொண்டது, குளுக்கோசமைனோ தண்ணீரை விட்டுப் பிரியாத பொருள். அதிலுள்ள அமீன் பகுதி ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னூட்டம் பெறுகிறது. சிறுகுடலின் நடுப்பகுதியில் பி.எச். (அமில-கார அளவு, 7 நடுநிலை) 6.5 என்று வைத்துக்கொண்டால் நூறு மூலக்கூறில் தொண்ணூறுக்கு மேல் அந்த நிலையில்தான் இருக்கும். மின்னூட்டம் உள்ள மூலக்கூறைச் சுற்றித் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரை உதறிவிட்டு எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைவது அதற்குக் கடினம்.

எனவே அதற்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்து. அந்த இடுக்கு மிகக் குறுகியது, ஆனால் நேர்மின்னூட்டம் உள்ளவற்றைக் கொஞ்சம் தாராளமாக விடும். எவ்வளவு குறுகியது என்பதற்கு மருத்துவர்கள் செய்யும் ஒரு சோதனையைச் சொல்லலாம். மானிட்டால், லாக்டுலோஸ் இரண்டையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று அளப்பார்கள். 182 டால்டன் எடையுள்ள மானிட்டாலில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வரும். 342 டால்டன் லாக்டுலோஸில் நூற்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். எடை இரட்டிப்பானதும் வாசல் கிட்டத்தட்டச் சாத்திக்கொள்கிறது. குளுக்கோசமைன் மானிட்டாலின் எடைக்காரர். இரண்டாவது வழி, சர்க்கரையைத் தூக்கிச் செல்லும் கடத்திப் புரதங்கள். அவற்றில் குளூட்-2 என்பது குளுக்கோஸைவிடக் குளுக்கோசமைனை இறுக்கமாகப் பிடிக்கக் கூடியது.

குடல்சுவரைத் தாண்டினாலும் வேலை முடிவதில்லை. வழியில் குடல் பாக்டீரியா கொஞ்சம் தின்றுவிடும், கல்லீரல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எலிகளில் அளந்தபோது வாய்வழி கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் இரத்த ஓட்டத்தை எட்டியது. மனிதர்களில் 1500 மில்லிகிராம் படிக சல்ஃபேட் ஒரே வேளையாகக் கொடுத்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வருகிறது. அந்த உச்சம் லிட்டருக்குப் பத்து மைக்ரோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் மிகச் சிறிய அலகு) அளவுதான். பாதியாகக் குறைய 15 மணி நேரம் பிடிக்கும். முழங்கால் மூட்டு நீரில் அளந்தபோது இரத்தத்தில் இருந்ததைவிடவும் குறைவாக, 4 மைக்ரோமோல் போல இருந்தது. ஆய்வுக்கூடத்தில் குருத்தெலும்புச் செல்கள் மீது நல்ல விளைவு காட்டிய பல சோதனைகள் இதைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு அடர்த்தியில் செய்தவை. விளம்பரத்தில் அந்தப் படங்களைப் பார்த்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இரண்டு செய்தி வருகிறது. பாதியாவதற்கே 15 மணி நேரம் ஆவதால் மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டியதில்லை, ஒரே வேளை போதும். அடுத்தது, 1500-ஐ 3000 ஆக்கினால் இரத்தத்தில் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே ஏறுகிறது. 'சேரவில்லை, இன்னும் இரண்டு போட்டுக்கொள்வோம்' என்பது பணத்தை விரயம் செய்வது.

சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? குளுக்கோசமைனுக்கு எண்ணெய் தேவையில்லை, தண்ணீரிலேயே கரைந்துவிடும். சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது வயிற்றெரிச்சல், குமட்டலைக் குறைக்கத்தான். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள்.

இப்போது மகன் அனுப்பிய பாட்டில். ஒரு பொருளை நானோ அளவுக்குப் பொடிப்பதால் லாபம் எப்போது? தண்ணீரில் கரைய மறுக்கும் பொருளுக்கு. மேற்பரப்பு கூடினால் கரைசல் வேகம் கூடும். குளுக்கோசமைன் உப்பு தண்ணீரில் போட்டதும் தானாகவே மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்துவிடும். சர்க்கரையை எவ்வளவு மாவாக அரைத்துக் காபியில் போட்டாலும் கரைந்த பிறகு அதே சர்க்கரைதானே. லிப்போசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்ணிய பை. பித்தநீரில் உள்ள உப்புகள் அந்தப் பையைக் குடலிலேயே பெருமளவு உடைத்துவிடும், உள்ளே இருந்த நீரில் கரையும் சரக்கு வெளியே கொட்டிவிடும். பிறகு அதே சந்து, அதே கடத்திப் புரதம். இந்தத் தொழில்நுட்பம் வேறு சில மருந்துகளுக்கு உதவலாம், இந்த மூலக்கூறின் சிக்கலுக்கு இது சாவி இல்லை. பாட்டிலில் ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பத்து மடங்கு சேரும் என்ற துணிச்சலில் 150 அல்லது 200 மட்டும் வைத்திருந்தால் பழைய மாத்திரையைவிட மோசம்.

நானோவைவிட நம் ஊருக்கு முக்கியமான விஷயம் ஈரம். மூடியைத் திறந்து வைத்தாலோ, மாத்திரையைப் பிய்த்து டப்பாவில் போட்டு வைத்தாலோ நாளாக நாளாக மாத்திரையில் பழுப்புப் புள்ளி வரும், லேசாகப் பிசுபிசுக்கும். அப்படி ஆனதைத் தூக்கிப் போடுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் சிறிய ஈரம் உறிஞ்சிப் பொட்டலத்தை எடுத்து எறிய வேண்டாம். இன்னொன்றும் வீட்டில் பார்க்கலாம். வெதுவெதுப்பான, உடம்புச் சூட்டளவு தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து ஒரு மாத்திரையைப் போட்டு அவ்வப்போது லேசாகக் கலக்கிவிடுங்கள். மெல்லிய பூச்சுள்ள சாதாரண மாத்திரை அரை மணிக்குள் உடைந்து பொடியாக வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் கல் மாதிரிக் கிடந்தால் குடலுக்குள்ளும் முழுசாகவே பயணம் போக வாய்ப்புண்டு. குடலில் மட்டும் கரையும்படி பூச்சு பூசிய வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. உடைந்துவிட்டது என்பதற்காகத் தரம் சரி என்றும் ஆகிவிடாது, படுமோசமானதைக் கழிக்கத்தான் இது.

உங்கள் மாத்திரையின் மறுபாதி காண்ட்ராய்டின். இதன் கதையே வேறு. இது தனி மூலக்கூறு இல்லை, நீண்ட சங்கிலி. மாட்டு மூச்சுக்குழாயிலிருந்து எடுப்பது 14,000 முதல் 26,000 டால்டன் வரை இருக்கும். சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுப்பது இன்னும் கனம். போதாக்குறைக்குச் சங்கிலி நெடுக சல்ஃபேட், கார்பாக்சில் என்று எதிர்மின்னூட்டம். 342 டால்டனுக்கே சாத்தும் சந்தில் இது எங்கே நுழையும்? பெரும்பகுதி அப்படியே கீழ்க்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகு கொஞ்சம் உள்ளே வருகிறது. அதனால் காண்ட்ராய்டினில் மூலக்கூறு எடை குறைவான சரக்கு ஓரளவு நன்றாகச் சேரும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் ஊர் அட்டைகளில் அந்த எடையை அச்சிட்டுப் பார்ப்பது அபூர்வம். ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 800 முதல் 1200 மில்லிகிராம். உங்களுடையது 800, அளவில் குறையில்லை. நீங்கள் சைவம் என்றால் ஒரு வார்த்தை: காண்ட்ராய்டின் பெரும்பாலும் மாடு, பன்றி, கோழி, மீன் இவற்றிலிருந்தே வருகிறது. குளுக்கோசமைன் வழக்கமாக நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுப்பது, சோளத்தை நொதிக்க வைத்து எடுக்கும் வகையும் கிடைக்கிறது. பச்சைக் குறியைப் பாருங்கள்.

கொலாஜன் பவுடரை 'அப்படியே மூட்டில் போய் ஒட்டும்' என்று நினைத்து வாங்க வேண்டாம். முழுக் கொலாஜன் மூன்று லட்சம் டால்டன். அதை நொதிகளால் வெட்டி 2,000 முதல் 5,000 வரை ஆக்கியதுதான் டப்பாவில் வரும் 'ஹைட்ரோலைஸ்டு' பவுடர். வயிறும் கணையமும் அதை மேலும் வெட்டும். கடைசியில் இரண்டு, மூன்று அமினோ அமிலம் கோத்த துண்டுகளைத் தூக்கிச் செல்லக் குடலில் பெப்ட்-1 என்ற கடத்தி தயாராக இருக்கிறது. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்த துண்டு மட்டும் செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது, அதனால் அது உடையாமலே இரத்தத்தில் தென்படுகிறது. ஆகக் கொலாஜன் பெப்டைடு குடலில் நன்றாகவே சேர்கிறது. சேர்ந்தது குருத்தெலும்பாக மாறுகிறதா என்பது தனிக் கேள்வி. இதற்கு நாளைக்கு 5 முதல் 10 கிராம் தேவை, மாத்திரை ஒன்றில் 200 மில்லிகிராம் தூவியிருப்பது கணக்கில் சேராது. '40 மி.கி. இரண்டாம் வகைக் கொலாஜன்' என்று வருவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதை வெட்டாமல் முழுசாகக் கொடுப்பதே குடலின் நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிப் பழக்கத்தான், இரத்தத்தில் சேர்வது அதன் நோக்கமில்லை. எம்.எஸ்.எம். (மூட்டு மாத்திரைகளில் சேர்க்கும் ஒரு கந்தகச் சேர்மம்) என்று சேர்த்திருந்தால் அது 94 டால்டன், மின்னூட்டமில்லாதது, சுலபமாகச் சேரும். மூட்டுக்கு அதன் பலன் சொற்பம்.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் ஆபத்து வந்தால் இந்தப் பக்கமாகத்தான் வரும். வாய்வழி மருந்துகள் குடலில் சேருமா என்று உத்தேசம் பார்க்க மருந்து வேதியியலாளர் லிப்பின்ஸ்கி 1997-இல் ஒரு விதி சொன்னார். எடை 500-க்குள், எண்ணெயில் அளவுக்கு மீறிக் கரையாமல், ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் இடங்கள் ஐந்துக்குள், வாங்கும் இடங்கள் பத்துக்குள் இருக்க வேண்டும். மஞ்சளின் குர்குமின் 368 டால்டன், எல்லாவற்றிலும் பாஸ். இருந்தும் இரத்தத்தில் தேடினால் காணோம். காரணம், தண்ணீரில் கரையவே கரையாது. கரைந்த கொஞ்சமும் பி.எச். 7-ஐத் தாண்டும் இடத்தில் சீக்கிரம் சிதையும். மிஞ்சியதைக் குடல்சுவரும் கல்லீரலும் குளுக்குரோனைடு, சல்ஃபேட் என்ற வேதித் துண்டுகளை ஒட்டி, முத்திரை குத்தியதுபோல வெளியே அனுப்பிவிடும்.

மிளகின் பைப்பரின் இந்த முத்திரை குத்தும் நொதிகளைத் தடுக்கிறது. 1998-இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் இருபது மடங்கு கூடியது. எல்லா விளம்பரமும் சொல்வது இந்த இருபதைத்தான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்ததன் இருபது மடங்கு அது. மேலும் மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான். 2 கிராமுக்கு 65 கிராம் மஞ்சள் வேண்டும், ஒரு தேக்கரண்டியில் கிடைப்பது 90 மில்லிகிராம். எனவே சமையலில், இரவுப் பாலில் நீங்கள் போடும் மஞ்சளும் மிளகும் பழைய பழக்கமாகவே தொடரட்டும், அதற்குத் தடையில்லை.

கவனம் தேவைப்படுவது, பைப்பரின் சேர்த்த அல்லது 'அதிகம் சேரும்' என்று விற்கும் குர்குமின் மாத்திரைகளில். கல்லீரல் அழற்சி வந்ததாகப் பல நாடுகளில் பதிவாகி, இத்தாலி 2022-இலும் ஆஸ்திரேலியா 2023-இலும் எச்சரிக்கை வெளியிட்டன. நன்றாகச் சேர்வது எப்போதும் நல்லது என்ற எண்ணத்துக்கு இது சரியான அடி. பைப்பரின் தடுக்கும் நொதிகள் மற்ற மருந்துகளையும் கையாள்பவை. ஃபெனிட்டோயின் (வலிப்பு மருந்து), புரோபிரனலால் (பிரஷர் மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) அளவு இரத்தத்தில் கூடுவது தெரிந்த விஷயம். ஏற்கெனவே அப்படி மாத்திரை எடுத்திருந்து சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். சல்லகி என்று விற்கும் போஸ்வெல்லியாவும் எண்ணெய்ப் பசையான மூலக்கூறுதான். அதை வெறும் வயிற்றில் எடுப்பதைவிட நெய், எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் பல மடங்கு கூடுதலாக வருகிறது. உணவு நேரம் உண்மையிலேயே முக்கியமாவது இப்படிப்பட்ட பொருளுக்குத்தான்.

உங்கள் மற்ற மருந்துகளைப் பார்ப்போம். இரண்டு மாத்திரையிலும் சேர்ந்து சுமார் 190 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, அரை வாழைப்பழ அளவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கவலையில்லை. ஆனால் டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தைத் தேக்கும். கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) ஏறியிருந்தால் மருத்துவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். சுகரை வழக்கமான அளவு குளுக்கோசமைன் பெரிதாக ஏற்றுவதாகத் தெரியவில்லை, இருந்தாலும் அடுத்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சுகர் சராசரி) பரிசோதனையில் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர் யாராவது உங்கள் குளுக்கோசமைனைப் பகிர்ந்துகொள்ள நினைத்தால் விடாதீர்கள், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏறி இரத்தக் கசிவு வரலாம்.

சேர்வது ஒரு பக்கம், வலி குறைகிறதா? அமெரிக்காவில் 1,583 பேரை வைத்து நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடும் காண்ட்ராய்டினும் மொத்தத்தில் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ஐரோப்பிய நிபுணர்களில் ஒரு தரப்பு படிக சல்ஃபேட்டை இன்னும் ஆதரிக்கிறது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் முழங்கால் தேய்மானத்துக்கு இரண்டுமே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது. என் கணிப்பு, ஒழுங்கான அளவில் மூன்று மாதம் பார்ப்பது நியாயம், அதற்கு மேல் நம்பிக்கைதான்.

நீங்கள் ஆறு மாதம் பார்த்துவிட்டீர்கள். இப்படிச் செய்யுங்கள். இன்று மாடிப்படி ஏறும்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், தரையிலிருந்து எழ எவ்வளவு நேரம் என்று காலண்டரில் எழுதுங்கள். மாத்திரையை நிறுத்துங்கள், நானோ பாட்டிலையும் திறக்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அதே இரண்டையும் எழுதிப் பாருங்கள். எண் மாறவில்லையென்றால் திரும்ப வாங்க வேண்டாம். கூடினால், குளுக்கோசமைன் அசல் அளவு 1,100 மில்லிகிராமுக்கு மேல் வரும் ஒன்றைக் காலையில் ஒரே வேளையாக மூன்று மாதம். இந்த இடைவெளியில் வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம், குடலைக் கெஞ்ச வேண்டிய வேலையே அதற்கில்லை. டைக்ளோஃபினாக் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், டெல்மிசார்ட்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள், ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையிலும் மாலையிலும். அதையும் அதே காலண்டரில் குறித்து வாருங்கள்.